போருக்கும் டீசல் வேண்டும்

சென்னை மணலியிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்கு மண்ணுக்கடியில் ஒரு குழாய் வருகிறது. பெட்ரோலும் டீசலும் அதில் மாறி மாறி ஓடிவரும். இங்கே டேங்குகளில் இறங்கி, டேங்கர் லாரிகளில் ஏறி, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று பங்க்குகளுக்குப் பிரிந்து போகும். அந்தக் குழாய் கிளம்புகிற மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் உருவானபோது அதற்கு மூன்று பங்காளிகள்: இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ கம்பெனி, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம். அமோகோ பின்னாளில் விலகிவிட்டது. ஈரான் விலகவில்லை; அதன் துணை நிறுவனத்திடம் 15 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு இருக்கிறது. ஆனால் அமெரிக்கத் தடையால் 2019 மே மாதத்தில் ஈரானின் கச்சா எண்ணெயை வாங்குவதை இந்தியா நிறுத்தியது. பங்காளி இருக்கிறான், பங்காளி வீட்டுச் சரக்கு வர வழியில்லை என்ற நிலை.

மதுரையில் சில லாரிகள் வைத்து ஓட்டுகிறவன் நான். எங்கள் தொழிலில் பெரிய செலவு டீசல். டிரைவர் சம்பளம், டயர், டோல், வண்டித் தவணை எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் எங்கே போர் என்றாலும் யார் ஜெயிப்பார்கள் என்பதைவிட, யாருடைய வண்டிக்கு எங்கிருந்து டீசல் வருகிறது என்றுதான் என் மனம் முதலில் கேட்கும். அந்தப் பழக்கத்தோடு போர் வரலாறுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. எண்ணெய்க்காகத்தான் போர் நடக்கிறது என்று டீக்கடையில் சொல்கிறோமே, அது பாதி. எண்ணெய் இருக்கிற அளவுக்குத்தான் போர் நடக்கும் என்பது மீதி. கயிற்றின் நீளத்துக்குத்தான் மாடு மேயும். அந்தக் கயிற்றை நீட்டுவதும் அறுப்பதும்தான் கடந்த நூறு வருடப் போர்களின் பெரிய வேலையாக இருந்திருக்கிறது. ஒரு நாட்டின் எரிசக்திக் கொள்கை என்பது விலைவாசி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இதற்கு ஆரம்பம் முதல் உலகப்போருக்குக் கொஞ்சம் முன்னால். பிரிட்டிஷ் கப்பற்படை அதுவரை பெரும்பாலும் நிலக்கரியில் ஓடியது. நல்ல கரி அவர்கள் வீட்டிலேயே, வேல்ஸில் கிடைத்தது. எண்ணெயில் ஓடினால் கப்பலுக்கு வேகம் கூடும், கரி அள்ளிப் போட ஆள் குறையும், நடுக்கடலிலேயே நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் மண்ணில் எண்ணெய் கிடையாது. கப்பற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் துணிந்து எண்ணெய்க்கு மாறினார். 1914-ல் பிரிட்டிஷ் அரசு 22 லட்சம் பவுண்டு போட்டு ஆங்கிலோ-பெர்ஷியன் எண்ணெய்க் கம்பெனியில் 51 சதவீதப் பங்கை வாங்கியது. பெர்ஷியாவில், அதாவது இன்றைய ஈரானில், எண்ணெய் கிடைத்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. சொந்த ஊர்க் கரியை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இன்னொருவன் நாட்டிலிருந்து வருவதை நம்பிப் படையைக் கட்டினால், அந்த நாட்டையும் வருகிற வழியையும் விட்டுக்கொடுக்கவே முடியாது. 1951-ல் ஈரான் பிரதமர் மொசாடெக் அந்த எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியதும், 1953-ல் அவரை அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து கவிழ்த்ததும் 1914-ல் போட்ட அந்தக் கையெழுத்தின் தொடர்ச்சிதான். அந்த நாட்டுடைமையில் பிறந்த ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம்தான் பிற்பாடு மணலிக்குப் பங்காளியாக வந்தது.

அதே 1914-ல், செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அது குறிவைத்தது எதை என்பதைக் கவனியுங்கள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகளை. எரிந்தது சீமெண்ணெய், வீட்டு விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய்.

இரண்டாம் உலகப்போரில் இந்தக் கயிறு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது. ஜப்பான் தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அமெரிக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தது. 1941 கோடையில் அமெரிக்கா அதை நிறுத்தியது. கையிருப்பு தீர்வதற்குள் சுமத்ராவையும் போர்னியோவையும் பிடித்தாக வேண்டும். குறுக்கே வரக்கூடியது பேர்ல் ஹார்பரில் நிற்கிற அமெரிக்கக் கப்பற்படை. டிசம்பர் 7 நடந்தது அந்தக் கணக்கில். ஜெர்மனி 1942-ல் காக்கசஸ் எண்ணெய் வயல்களைக் குறிவைத்து இறங்கிய படையெடுப்புதான் ஸ்டாலின்கிராடில் போய் முடிந்தது. ஏற்கெனவே அவர்கள் நிலக்கரியிலிருந்தும் பெட்ரோல் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1944 மே மாதம் முதல் நேச நாட்டு விமானங்கள் அந்த ஆலைகளைத் தேடித் தேடி அடித்தன. ஏப்ரலில் மாதம் 1,75,000 டன் விமானப் பெட்ரோல் தயாரித்த நாடு, செப்டம்பரில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தயாரிக்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஒரு வருடத்தில் ஜெர்மன் தொழிற்சாலைகள் 40,000 விமானங்களுக்குக் கிட்டத்தட்டச் செய்து தள்ளின. விமானம் இருக்கிறது, ஊற்ற எண்ணெய் இல்லை, பைலட்டுக்குப் பயிற்சி கொடுக்கவும் எண்ணெய் இல்லை.

நம் பக்கத்தில் இதன் அடி பர்மா வழியாக வந்தது. போருக்கு முன்னால் இந்தியாவுக்கு வந்த சீமெண்ணெயில் கணிசமான பகுதி பர்மா எண்ணெய். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனை நெருங்கியதும் சிரியம் சுத்திகரிப்பு ஆலையையும், ஏப்ரல் நடுவில் யெனாங்யாங் எண்ணெய் வயல்களையும் பிரிட்டிஷார் தங்கள் கையாலேயே வெடிவைத்து அழித்தார்கள். எதிரிக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த மாதங்களில்தான் சிவகங்கை, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்துச் சனம் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டிலும் மலையிலும் நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. ரங்கூனில் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் இந்தப் பக்கத்து ஊர்களில் நிறைய. அந்த வீடுகளின் சரித்திரத்தைச் சொல்கிறவர்கள் வட்டிக்கடையைச் சொல்வார்கள், தேக்கைச் சொல்வார்கள், யெனாங்யாங்கைச் சொல்ல மாட்டார்கள்.

பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. மதுரை பஸ்களின் ஊர். 1912 வாக்கில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட்டுத் தொழிலைத் தொடங்கியது இங்கேதான். போர்க்காலத்தில் அவர் கம்பெனியே டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்று கரியில் ஓடும் கருவி ஒன்றைச் செய்து வண்டிகளில் பொருத்தியது. என் தாத்தா அந்தக் காலத்தில் ஒரு கரி பஸ்ஸில் கிளீனர். எந்த வேலையைப் பற்றியும் அதிகம் பேசாதவர், கரி பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் மட்டும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்.

பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை நிற்கும். கருக்கலில் போய் முதல் நாள் சாம்பலைக் கிளற வேண்டும். அடியில் உருகிக் கெட்டியாகிப்போன கட்டியைக் கம்பியால் தட்டி எடுக்க வேண்டும். மேலே கரியைக் கொட்டி மூடி, கீழே எண்ணெய்த் துணியைப் பற்றவைத்து, கையால் சுற்றுகிற விசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காற்று போதாமல் எரிகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதுதான் எரிபொருள், அதுவேதான் விஷம். குழாயில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினால் நின்று எரிய வேண்டும். எரிந்தால் கேஸ் தயார். எரியாவிட்டால் இன்னும் சுற்று. அடைத்த ஷெட்டுக்குள் நின்று சுற்றினால் தலை வலிக்கும், வாந்தி வரும். "மயங்கி விழுந்தவனை வெளியில இழுத்துப் போட்டு முகத்துல தண்ணி அடிப்பம், எந்திரிச்சு மறுபடியும் சுத்துவான்" என்பார் தாத்தா.

பெட்ரோலில் கிடைக்கிற இழுவை கரியில் கிடைக்காது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றம் வந்தால் ஆம்பளைகள் எல்லாம் இறங்கி நடக்க வேண்டும், சில நாள் தள்ளவும் வேண்டும். பொம்பளைகளும் பிள்ளைகளும் மட்டும் உள்ளே. மேலே போனதும் கிளீனர் கரியைக் கிளறி, புகைச்சாம்பல் அடைத்த வடிகட்டியைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் வண்டி கிளம்பும். தலைமுதல் கால்வரை கருப்பாக வீட்டுக்கு வந்தால் அப்பத்தா கிணற்றடியைத் தாண்டி உள்ளே விடமாட்டாராம்.

போர் முடிந்து பெட்ரோல் தாராளமாக வந்ததும் அந்த உருளைகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. கரியில் ஓட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் புகையை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து வருவது நின்றால் இருப்பதை வைத்து வண்டியை எப்படி நகர்த்துவது என்று யோசித்த அந்தக் கை, அந்தப் பட்டறை, அந்தப் புத்தி தொடர்ந்து வளர்ந்திருக்க வேண்டியது. நமக்கு அந்த யோசனை நெருக்கடி வந்தால் மட்டும் வருகிறது, நெருக்கடியோடு போய்விடுகிறது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது பீப்பாய் 3 டாலர் வாக்கில் இருந்தது சில மாதத்தில் 12 டாலரை ஒட்டிப் போனது. அப்போதும் ஒரு பரபரப்பு, பிறகு மறதி.

1990 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. எங்கள் தெருவில் குவைத்தில் டிரைவராக இருந்த ஓர் அண்ணன், பாக்தாத், அம்மான் என்று சுற்றி, பம்பாய் வந்து, ரயிலில் மதுரைக்கு வந்து இறங்கினார். கையில் ஒரே ஒரு பை. வருடக்கணக்கான சம்பளம் குவைத் பாங்கில். அவரைப் போல 1,70,000 பேர் வாக்கில் அந்த மாதங்களில் திரும்பினார்கள். நாட்டுக்கு அது இரட்டை அடி: எண்ணெய்க்குக் கொடுக்கிற டாலர் கூடியது, வளைகுடாவிலிருந்து வருகிற டாலர் குறைந்தது. ஏற்கெனவே தள்ளாடிய கஜானா அதில் காலியானது. 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தது. அங்கே குவைத்தை விட்டு ஓடிய ஈராக் படை 600-க்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போயிருந்தது. கடைசிக் கிணற்றை அணைக்க நவம்பர் ஆகிவிட்டது.

பெரிய படைகளே இந்தக் கயிற்றில்தான் கட்டுண்டு கிடக்கின்றன. அமெரிக்காவின் ஏப்ராம்ஸ் டாங்கி கிலோமீட்டருக்கு நாலு லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைக்கு எரிபொருளில் கணிசமான பகுதி பாகிஸ்தான் வழியாக லாரியில் போனது. 24 எரிபொருள் கான்வாய்க்கு ஒருவர் வீதம் செத்தார் அல்லது காயம்பட்டார் என்பது அமெரிக்கத் தரைப்படையே தன் ஆட்களுக்குப் போட்ட கணக்கு. கூலிக்கு ஓட்டிய பாகிஸ்தான் டிரைவர்களின் கணக்கை யார் போட்டார்கள்? 2010-ல் எல்லை வாசல் மூடி டேங்கர்கள் வரிசையாகத் தேங்கி நின்றபோது தீ வைத்தார்கள். அந்தப் படங்களை என்னால் சும்மா பார்த்துவிட்டுத் தள்ள முடியவில்லை. வண்டி எரிந்தால் ஓனருக்கு நஷ்டம், சரி. கேபினுக்குள் தூங்கிக்கொண்டிருப்பவன் டிரைவரும் கிளீனரும். 2022-ல் கீவுக்கு வடக்கே ரஷ்யக் கான்வாய் மைல் கணக்கில் நின்றதற்கும் டீசலும் சாப்பாடும் போய்ச் சேராதது ஒரு காரணம்.

அந்த உக்ரைன் போர் எங்கள் மாமாவின் வயலுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சோழவந்தான் பக்கம் இரண்டு போகம் விளைகிற நிலம். 2022 மார்ச் கடைசி, இரண்டாம் போகம் அறுப்பு. ஐந்து மாநிலத் தேர்தலை ஒட்டி மாதக்கணக்கில் அசையாமல் இருந்த டீசல் விலை, தேர்தல் முடிந்து மார்ச் 22-ல் ஏற ஆரம்பித்தது. பெரும்பாலும் நாளைக்கு 80 பைசா. அறுப்பு மிஷின் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. ஈர வயலுக்கு டயர் வண்டி ஆகாது, செயின் வண்டிதான். மணிக் கணக்கில் வாடகை.

"என்னப்பா, போன வாரம் ஒரு ரேட்டு சொன்ன, இப்ப ஒண்ணு சொல்றியே?" என்றார் மாமா.

"தினமும் ஏறுதுங்கய்யா. ஓனர் காலையில போன்ல சொல்றதைத்தான் நான் உங்ககிட்டச் சொல்றேன். எனக்குப் பேட்டா ஒரே பேட்டாதானுங்க."

மாமா மேற்கொண்டு பேசவில்லை. முதல் நாளே ஆள் விட்டு வயலின் நாலு மூலையையும் அரிவாளால் அறுத்து ஒதுக்கியிருந்தார். மூலையில் வண்டி முன்னும் பின்னும் போய்த் திரும்புவதில் நிமிடம் போகும். மூலை வெட்டியிருந்தால் ஒரே வளைவில் திரும்பிவிடும். டிராலியை வண்டி வருகிற பக்கத்திலேயே நிறுத்தினார், நெல்லைக் கொட்ட மிஷின் வயலைச் சுற்ற வேண்டாம் என்று. அறுப்பு முடிகிற வரைக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வரப்பிலேயே நின்றார். போரைப் பற்றி அன்றைக்கு டிவியில் பேசிய எவரைவிடவும் அவருக்கு அதன் கணக்கு தெளிவாகத் தெரிந்திருந்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு அந்த சீசன் முழுக்க ஒரே விலை. ஏறியது வெட்டுக்கூலி மட்டும்.

ஏப்ரல் முதல் வாரத்துக்குள் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறிவிட்டது. மே 21-ல் ஒன்றிய அரசு டீசல் வரியில் 6 ரூபாய் குறைத்தது.

ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்கியது சரியா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சரி என்றுதான் நான் சொல்வேன். போருக்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதம்கூட இல்லாத ரஷ்யா, ஓரிரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. ஐரோப்பாவே ரஷ்ய எரிவாயுவைச் சட்டென்று விட முடியாமல் வாங்கிக்கொண்டிருந்தது. 140 கோடிப் பேர் இருக்கிற நாடு தள்ளுபடியில் கிடைப்பதை மறுத்திருந்தால் உலக விலை இன்னும் ஏறியிருக்கும். அதே வாயால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தள்ளுபடி பங்க் வரைக்கும் வந்து சேரவில்லை. 2022 மே மாதத்துக்குப் பிறகு 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைக்கிற வரைக்கும் பங்க் விலை ஏறக்குறைய அப்படியே நின்றது. எண்ணெய்க் கம்பெனிகள் 2022-ல் நஷ்டத்தைத் தாங்கின, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 2023-24-ல் அரசின் மூன்று பெரிய கம்பெனிகளும் சேர்ந்து சம்பாதித்த லாபம் 80,000 கோடி ரூபாய்க்கு மேல். போர் வந்தால் விலையை ஏற்றுவதற்கு இரண்டு வாரம் போதும் என்றால், இறங்கும்போது இரண்டு வருடம் எதற்கு? வரப்பில் நின்றவருக்குச் சேர வேண்டிய பணம் அது.

இனி வருகிற போர்களில் இது இன்னும் மோசமாகும் என்றே நினைக்கிறேன். 2019 செப்டம்பர் 14-ல் சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலையையும் குராய்ஸ் எண்ணெய் வயலையும் டிரோன்களும் ஏவுகணைகளும் தாக்கின. ஒரே காலையில் அந்த நாட்டு உற்பத்தியில் பாதி, நாளைக்கு 57 லட்சம் பீப்பாய், நின்றுபோனது. அதற்குப் பெரிய கப்பற்படை தேவைப்படவில்லை. உக்ரைன் தன் டிரோன்களை வைத்து ரஷ்யாவின் சுத்திகரிப்பு ஆலைகளை ஒவ்வொன்றாக அடித்தது. ரஷ்யா 2022 அக்டோபரிலிருந்து உக்ரைனின் மின் நிலையங்களை அடித்தது. குளிர்காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கரண்டை நிறுத்துவதை ஒரு போர்முறையாகவே ஆக்கிவிட்டார்கள். எம்டன் எரித்ததும் வீட்டு விளக்குக்கு ஊற்றுகிற சீமெண்ணெயைத்தான்.

பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை, குறுகலான இடத்தில் 33 கிலோமீட்டர். உலகம் எரிக்கிற எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு வழக்கமாக அந்த வழியாகத்தான் வரும். நாம் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறோம். சமையல் கேஸில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. யூரியா செய்யவும் இயற்கை எரிவாயு வேண்டும். அதிலும் கணிசமான பகுதி கத்தாரிலிருந்து கப்பலில் வருகிறது. ஆக அந்த 33 கிலோமீட்டரில் சிக்கல் என்றால் மேலூர்க் கூட்டுறவுச் சங்கத்து உர மூட்டைக்கும், சிம்மக்கல் டீக்கடைச் சிலிண்டருக்கும் சிக்கல்.

இதற்கு நாம் வைத்திருக்கிற கையிருப்பு: விசாகப்பட்டினம், கர்நாடகத்தின் மங்களூர், பாதூர் என்ற மூன்று இடத்தில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் கச்சா எண்ணெய் வைக்க இடம் இருக்கிறது. முழுக்க நிரப்பினால் நாட்டுக்கு ஒன்பதரை நாள். கம்பெனிகளின் டேங்கில் இருப்பது தனி. ராணுவத்துக்கு விமானம் வாங்கினால் முதல் பக்கச் செய்தி. பாதூரில் இன்னொரு குகை தோண்டுவது உள்பக்கத்தில்கூட வராது. எனக்கு இரண்டும் பாதுகாப்புச் செலவுதான். இரண்டாவதை ரொம்பக் காலமாகத் தள்ளிப்போடுகிறோம் என்பது என் குறை.

கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு காலத்தில் சீமைக்கருவேலத்தைத் தவிர ஒன்றும் வளராது என்று சொன்ன நிலம், கரிமூட்டம் போட்டுப் பிழைத்த ஊர்கள். இப்போது கண்ணுக்கெட்டியவரை பலகைகள். அந்த வெயிலை எந்தக் கப்பற்படையும் வழிமறிக்க முடியாது. பலகைகளுக்கான செல்களுக்கு நாம் சீனாவைப் பெரிதும் நம்பி வந்திருக்கிறோம் என்பதை மறக்கவில்லை. ஆனால் வித்தியாசம் இருக்கிறது: பலகை வருவது நின்றால் புதிதாக மாட்ட முடியாது, மாட்டியது ஓடும். டீசல் வருவது நின்றால் அடுத்த வாரமே வண்டி நிற்கும். மின்கம்பியையும் எதிரி அடிப்பான் என்பதை உக்ரைன் காட்டிவிட்டது. ஆனால் ஒரு மணலியை அடிப்பதும் ஊர் ஊராகக் கூரையில் இருக்கிற பலகைகளை அடிப்பதும் ஒன்றல்ல.

மதுரையிலிருந்து சென்னைக்கு முழு லோடு ஏற்றிப் போகிற மின்சார லாரி என் கைக்கு எட்டுகிற விலையில் இன்னும் இல்லை. விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். மாட்டுத்தாவணியிலிருந்து மல்லிகைப் பெட்டிகளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகிற சின்ன வண்டிகளுக்கு அந்தத் தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டு வண்டிகளை மாற்ற முன்பணம் கட்டியிருக்கிறேன். டிரைவர் தம்பி கேட்டது ஒன்றுதான்: "சார்ஜ் போடுற இடம் ஷெட்டுக்குள்ளயாண்ணே, வெளியிலயா?" உள்ளேதான், ஓட்டுக் கூரைக்கு மேலே பலகையும் வரும் என்றேன்.